ஊற்றுப் பாதையில் ஒரு தோரணம்

ஜனவரி 7, செவ்வாய்

வாலுனா தீவில் தமிழ் பேசத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி நான். இன்னொருத்தர் என் வீட்டுக்காரர் கொம்பையா. அவர் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று மூடியே வைத்திருக்கிறார். அதனால்தான் இந்த நோட்டு.

சாலமன் தீவுகளில் இது ஒரு மூலை. மலையில் மரம் வெட்டும் கம்பெனியில் அவர் புல்டோசர் ஓட்டி மேட்டுக்கு ரோடு போடுகிறார், நான் கேம்ப்பில் சமைக்கிறேன். எனக்கு ஒத்தாசைக்கு நெஸ்டா என்று இந்தத் தீவுக்காரி ஒருத்தி. அவள் பேசுவது பிஜின், இங்கிலீஷை உடைத்துப் போட்ட மாதிரி ஒரு பேச்சு. நான் தப்பும் தவறுமாக அவளிடம் பேசிவிட்டு, இங்கே வந்து எல்லாவற்றையும் நம் பேச்சில் எழுதிக்கொள்கிறேன்.

இன்றைக்கும் கடல் ஏறிவிட்டது. சமையல்கட்டு வாசல் வரை வந்து அடுப்பு விறகை நனைத்துவிட்டுப் போனது. நெஸ்டாவின் ஊரில் கிணறெல்லாம் உப்பு. "எங்க கிணத்துத் தண்ணில சோறு வச்சா உப்பே போட வேண்டாம்" என்று சிரிக்கிறாள். சிரிக்கிற விஷயமா அது? மரம் வெட்ட ஆரம்பித்ததிலிருந்து ஆறும் செங்கல் கரைத்த நிறத்தில் ஓடுகிறது. மலை மேல் ஒரே ஒரு ஊற்றுதான் பாக்கி. ஊரே அங்கேதான் கேனைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறது. கேம்ப்பில் எங்களுக்கு மழைத்தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, கவலை இல்லை.

ஜனவரி 8, புதன்

ஊருக்கு எப்போது போவோம் என்று மறுபடியும் கேட்டேன்.

"ரோடு மேட்டைத் தொடட்டும் பிரமு. தொட்டுட்டா டிக்கெட் போட்டுத் தாரேன்னு மேனேஜர் சொல்லிருக்கார்."

"எப்பத் தொடும்?"

"நச்சரிக்காதளா."

நச்சரிக்காமல் என்ன செய்வது! இரண்டு பேர் பாஸ்போர்ட்டும் மேனேஜரின் இரும்புப் பெட்டியில் கிடக்கிறது.

நெஸ்டாவிடம், உங்கள் மலையை ஏன் வெட்ட விட்டீர்கள் என்று கேட்டேன். இங்கே நிலம் தாய்வழியாம். பாட்டி, அம்மா, மகள் என்று இறங்குமாம். ஆனால் அவள் தாய்மாமன் தலைநகரத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு, எலெக்ஷன் வேலை என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார். "நிலம் எங்க அம்மாவோடது, கையெழுத்து எங்க மாமாவோடது" என்றாள். வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே சொன்னாள். கண்ணீர் எதற்கு என்று நான் கேட்கவில்லை.

ஜனவரி 10, வெள்ளி

மத்தியானமே அவர் திரும்பி வந்துவிட்டார். ரோடு வேலை நின்றுவிட்டது.

"ஏன்?"

"மரம் அறுக்கிற பயலுவ மேல வரமாட்டேங்கான்."

"அதான் ஏன்னு கேக்கேன்."

"உன் சோலியப் பாரு."

நெஸ்டாவும் சீக்கிரம் கிளம்பிவிட்டாள். பெண்கள் எல்லோரும் கோயிலுக்குப் போகிற உடுப்பில் வரிசையாக மலை ஏறிப் போனார்கள். ஏதோ ஜெபக் கூட்டம் போலிருக்கிறது.

ஜனவரி 11, சனி

இன்று ஒரு அதிசயம். நான் பருப்புக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தேன், அவர் பின்னால் வந்து நின்று, "செவ்வாக்கிழமை பொங்கலுல்லா" என்றார். கல்யாணம் ஆனதிலிருந்து ஒரு நல்ல நாளை அவராக ஞாபகம் வைத்துச் சொன்னது இதுதான் முதல் தடவை. பருப்பில் இரண்டாம் தடவையும் உப்புப் போட்டுவிட்டேன்.

"ஊற்றுக்குப் போற பாதையில நல்ல குருத்தோலை கட்டிக் கெடக்கு. கிறிஸ்மஸுக்குக் கட்டினதா இருக்கும். சும்மா காஞ்சு போவும். நாளைக்கு எல்லாரும் கோயிலுக்குப் போயிருவாவ, நீ போயி எடுத்துட்டு வந்து தோரணம் கட்டேன்."

"நீங்களும் வாங்களேன்."

"எனக்கு மெஷின்ல வேலை கெடக்கு."

மனுஷருக்கு உள்ளுக்குள் இவ்வளவு பிரியம் இருக்கிறது, நான்தான் வாய் ஓயாமல் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரி 12, ஞாயிறு

எடுத்து வந்துவிட்டேன். பாதைக்குக் குறுக்கே இரண்டு மரத்துக்கு நடுவில் கொடியை இழுத்துக் கட்டி, அதில் ஓலையைத் தொங்கவிட்டிருந்தார்கள். நடுநடுவே நம் ஊர் குரோட்டன்ஸ் மாதிரி சிவப்பு இலைக் கொத்து. பார்த்ததும் எங்கள் தெருக் கோயில் கொடைத் திருவிழா ஞாபகம் வந்துவிட்டது. ஓலை காயவே இல்லை, பச்சைப் பசேல் என்று இருந்தது. கிறிஸ்மஸுக்குக் கட்டியது இத்தனை நாள் வாடாமல் இருக்குமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. இந்த ஊர் மழைக்கு எதுதான் வாடும்?

தோரணம் மடித்துக் கட்டினேன். கை மறக்கவில்லை. வாசலில் கட்டப் போனேன். "வெளிய வேண்டாம், மழை. உள்ள கட்டு" என்றார். உள் கதவுக்கு மேலே கட்டியிருக்கிறேன். அழகாக இருக்கிறது.

ஜனவரி 13, திங்கள்

விடிந்ததும் மலை மேல் மெஷின் சத்தம். அவர்தான். சாயங்காலம் முட்டி வரை சேறோடு வந்து, "ஒரு வாரத்துல மேட்டைத் தொட்டுரும். பெட்டியக் கட்டு" என்றார். சந்தோஷத்தில் எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை, இருந்த சீனியைக் கொட்டி ஒரு கேசரி கிண்டினேன்.

நெஸ்டா வேலைக்கு வரவில்லை. உடம்புக்கு என்னவோ.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பால் பவுடர்தான், ஆனாலும் பொங்கியது. நெஸ்டா இன்றும் வரவில்லை. கேம்ப்பில் உள்ளூர் ஆட்கள் ஒருத்தர்கூட சாப்பிட வரவில்லை. இத்தனை சோறு மிச்சம்.

ஜனவரி 15, புதன்

நிதானமாக எழுதப் பார்க்கிறேன்.

நெஸ்டா வந்தாள். வேலைக்கு அல்ல, தொட்டியில் தண்ணீர் கேட்க. அவள் சின்ன மகளுக்குப் பேதி, ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான். ஊற்று மூடிப் போய்விட்டது. ரோடு வெட்டிய மண் சரிந்து அதன் வாயிலேயே விழுந்துவிட்டது. பிள்ளைகள் சிவப்புத் தண்ணீரைக் குடிக்கிறார்கள்.

"அங்கே மெஷின் போகக் கூடாதுன்னு நாங்க வெள்ளிக்கிழமை ஓலை கட்டினோம்" என்றாள். "பொம்பளைங்க எல்லாரும் சேர்ந்து கட்டினது. ஓலை தொங்கினா அந்த எல்லையை யாரும் தாண்ட மாட்டாங்க. கம்பெனிக்காரன்கூடத் தாண்டலை. யாரோ ஓலையை அறுத்துட்டாங்க."

நான் கேனில் தண்ணீர் பிடித்துக்கொண்டே இருந்தேன். கேன் நிறைந்து வழிந்ததுகூடத் தெரியவில்லை.

"யாருன்னு தெரிஞ்சா என்ன செய்வாங்க?"

அவள் கேனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அது வேறு ஓலையாக இருக்கும். மலையில் எத்தனையோ ஓலை. கடவுளே, வேறு ஓலையாகத்தான் இருக்க வேண்டும்.

ஜனவரி 16, வியாழன்

தோரணத்தை அவிழ்த்து அடுப்பில் போட்டேன். ஈரம். புகைகிறதே தவிர எரியவில்லை. புகை சமையல்கட்டை விட்டு வெளியே போனது, யாராவது வந்து என்ன எரிக்கிறாய் என்று கேட்டுவிடுவார்களோ என்று தண்ணீரை ஊற்றி அணைத்தேன். பிறகு குப்பைக் குழிக்குள் அரிசிச் சாக்கில் சுற்றிப் போட்டேன். சிவப்பு இலை ஒன்று என் செருப்பில் ஒட்டிக்கொண்டு வாசல் வரை வந்துவிட்டது.

அவரிடம் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன்.

"நம்ம எடுத்தது அந்த ஓலைதாங்க. ஐயோ, நாம என்ன செஞ்சு வச்சிருக்கோம்!"

"வாயப் பொத்து" என்றார். "எவனும் பாக்கல. எடுத்ததும் தெரியாது, வச்சதும் தெரியாது. இன்னும் அஞ்சாறு நாளு."

என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொல்கிறார். அவருக்கு மட்டும் என்ன தெரியும் பாவம்.

ஜனவரி 18, சனி

செல்வினைப் பிடித்துவிட்டார்கள். நெஸ்டாவின் தம்பி. இங்கே வந்த புதிதில் அவன் பேரைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு, எங்கள் நாசரேத்துப் பக்கம் தெருவுக்கு நாலு செல்வின் உண்டு. இவன் கேம்ப்பில் வாட்ச்மேன். ஓலையைக் காவல் பார்க்கும் பொறுப்பையும் ஊர் அவனிடம்தான் கொடுத்திருந்ததாம். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போன நேரத்தில் ஓலை போய்விட்டது. கம்பெனிச் சோறு தின்கிறவன், கம்பெனிக்கு விலை போய்விட்டான் என்கிறார்கள்.

அவன் வீட்டைக் கொளுத்திவிட்டார்கள். கேம்ப்பிலிருந்து புகை தெரிந்தது. அவனை அடித்து, தலையில் ரத்தத்தோடு படகுத் துறைப் பக்கம் மரக் கட்டை ஒன்றில் கட்டி வைத்திருக்கிறார்கள். அவன் சொந்தக்காரர்களே. நெஸ்டா பக்கத்தில் உட்கார்ந்து ஈ விரட்டிக்கொண்டிருந்தாள். நான் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

கத்தியும் கையுமாக ஆண்கள் கேம்ப் வாசலில் நிற்கிறார்கள். மேனேஜர் போலீஸுக்கு ரேடியோவில் பேசினார். போலீஸ் படகுக்கு எண்ணெய் இல்லையாம், கம்பெனி படகை அனுப்பினால் வருகிறோம் என்றார்களாம். விளங்கும்!

எனக்குச் சோறு இறங்கவில்லை. கதவு தட்டுகிற மாதிரியே இருக்கிறது.

ஜனவரி 19, ஞாயிறு

பக்கத்துத் தீவிலிருந்து சபைத் துறவி ஒருத்தர் வந்திருக்கிறார். பிரதர் என்கிறார்கள். கறுப்பு உடுப்பு, இடுப்பில் கச்சை, கையில் ஒரு தடி. சின்ன வயசுதான், ஆனால் அவர் நடந்து வந்ததும் கத்தி பிடித்திருந்தவர்கள் எல்லாம் ஒதுங்கி நின்றார்கள். அந்தத் தடியைப் பிடித்துக்கொண்டு பொய் சொன்னால் உடம்பு முறுக்கி விழுந்துவிடுவார்களாம். ஊரும் கேம்ப்பும் எல்லோரும் செவ்வாய்க்கிழமை வரிசையில் வந்து பிடிக்க வேண்டும். செல்வின் தப்பா இல்லையா என்று அதில் முடிவாகும். தப்பு என்றால் என்ன ஆகும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மேனேஜர் இதையெல்லாம் கேட்டுச் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் சுடலைமாடன் கோயிலில் கற்பூரத்தை அடித்துச் சத்தியம் பண்ணிவிட்டு வீடு வந்து சேராதவர்களின் கதை கேட்டு வளர்ந்தவள் நான்.

ஜனவரி 20, திங்கள்

"என்னையக் கேட்டா நான் ஓலையத் தொடலன்னு சொல்லுவேன்" என்றார். ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். "அது உண்மைதான?"

"நான் என்ன சொல்ல?"

"சமையக்காரிய யாரு கேக்கப் போறா? உடம்பு சரியில்லன்னு படுத்துக்க."

எவ்வளவு யோசித்து வைத்திருக்கிறார்! எனக்குத்தான் இதெல்லாம் ஓடுவதில்லை.

ஜனவரி 21, செவ்வாய்

படுத்துக்கொள்ளவில்லை. படுத்தால் செல்வினின் தலை ரத்தம் கண்ணில் நிற்கிறது. போனேன். மண்டையில் வெயில். எனக்கு முன்னால் அவர் நின்றார்.

ஆரம்பிப்பதற்கு முன்னால் செல்வின் பேச வேண்டும் என்று கேட்டான். உதடு கிழிந்திருந்தது, மெதுவாகத்தான் பேசினான்.

"நான் என் வேலையைச் சரியாச் செஞ்சேன். வெள்ளிக்கிழமை ஒவ்வொரு டிரைவரையும் ஊற்றுப் பாதையில நிறுத்தி, இந்த ஓலை எதுக்குன்னு சொன்னேன். யாராச்சும் தெரியாம வண்டியை ஏத்திடக் கூடாதுன்னு. இதோ இந்த அண்ணன்கிட்டயும் சொன்னேன். தொப்பியைக் கழட்டிட்டு, சரின்னு தலையாட்டினாரு."

அவன் காட்டியது என் வீட்டுக்காரரை.

வெள்ளிக்கிழமை. சனிக்கிழமைதான் அவர் என் பின்னால் வந்து நின்று, பொங்கல் என்றார்.

அவர் தடியைப் பிடித்தார். "நான் ஓலையைத் தொடலை" என்றார். குரல் பிசகவில்லை. கையும் நடுங்கவில்லை. ஏன் நடுங்க வேண்டும்? அவர் தொடவில்லையே. அதற்குத்தானே நான் இருந்தேன்.

அடுத்து நான். தடி வழவழவென்று, பிடித்த கைகளின் வேர்வையோடு இருந்தது. நான் விழவில்லை, ஆனால் குரல் வேறு யாருடையதோ போல வந்தது. "நான்தான் எடுத்தேன். எங்க ஊர்ப் பண்டிகைக்கு ஓலை வேணும்னு எடுத்தேன். செல்வின் எடுக்கலை."

கத்திகள் எல்லாம் என்னைப் பார்த்துத் திரும்பின.

நெஸ்டா முன்னால் வந்தாள். "நீ தொட்டித் தண்ணி பிடிக்கிறவ. அந்தப் பாதைக்கே வந்ததில்லை. அங்கே ஓலை இருக்குன்னு உனக்கு யார் சொன்னது?"

நான் அவரைப் பார்த்தேன். காப்பியில் சீனி போதும் என்பதற்கு எப்படித் தலையை ஆட்டுவாரோ, அப்படி லேசாக, சொல்லாதே என்று ஆட்டினார்.

"என் வீட்டுக்காரர் சொன்னார்" என்றேன்.

ஜனவரி 22, புதன்

செல்வினை அவிழ்த்துவிட்டார்கள். என் வீட்டுக்காரரைப் பிரதர்தான் அடி விழாமல் கேம்ப் வரை கூட்டிக்கொண்டு போனார். இனி அவர் கேம்ப் வாசலைத் தாண்டக் கூடாது.

நான் அவரோடு போகவில்லை, நெஸ்டா வீட்டில் இருக்கிறேன். மத்தியானம் அவர் கேம்ப் வேலிக்குள் நின்றே என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். முன்பு அந்தக் குரல் கேட்டால்தான் எனக்குப் பயம் போகும். இன்று கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

எடுத்த கைதான் திரும்பக் கட்ட வேண்டுமாம். பெண்கள் என்னை மலைக்கு அழைத்துப் போனார்கள். ஊற்று இருந்த இடத்தில் ஒரே சேறு. வெறுங்கையால் மண்ணை வாரி வாரி ஓரமாகப் போட்டிருக்கிறார்கள், ஒரு விரல் தடிமனுக்குத் தண்ணீர் கசிய ஆரம்பித்திருக்கிறது. மெஷின் மறுபடி ஏறாமல் இருந்தால் தெளிந்துவிடும் என்கிறார்கள். ஏறினால் அவ்வளவுதான். வேறு தண்ணீர் கிடையாது, ஊரையே காலி பண்ண வேண்டியதுதான்.

கட்டினேன். எனக்குத் தெரிந்த தோரண மடிப்புத்தான் கைக்கு வந்தது. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கட்டி முடித்த பிறகு நெஸ்டா சொன்னாள். "கட்டின கை, ஓலை காயிற வரைக்கும் இந்தத் தீவுல இருக்கணும். போயிட்டா ஓலைக்கு மதிப்பு இல்லை, யார் வேணா தாண்டலாம்."

ஜனவரி 23, வியாழன்

நான் போய்விட்டால் ஓலைக்கு மதிப்பில்லை என்பது மேனேஜருக்கும் தெரியும் போலிருக்கிறது. செல்வினிடம் என் வீட்டுக்காரர் ஒரு துண்டுத் தாள் கொடுத்து அனுப்பியிருக்கிறார். இரண்டு பேருக்கும் டிக்கெட் போட்டாயிற்று, பாஸ்போர்ட்டும் தருகிறார்கள், நாளை காலைப் படகு, வந்துவிடு.

எத்தனை மாதம் இதற்காக உயிரை வாங்கியிருக்கிறேன்! தாளை நெஸ்டாவிடம் காட்டி விஷயத்தைச் சொன்னேன்.

"போ" என்றாள். கோபமே இல்லை. "நான் உன் இடத்துல இருந்தா போயிருப்பேன்." மகளுக்கு இளநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை அதையும் வாந்தி எடுத்தது.

எனக்கு இங்கே இருக்கப் பயம். அவரோடு போகவும் பயம். இரண்டில் எது பெரிய பயம் என்று தெரிந்தால் நிம்மதியாக இருக்கும்.

ஜனவரி 24, வெள்ளி

பையைக் கட்டிக்கொண்டு போனேன். ஆமாம், போனேன். பொய் எழுத விரும்பவில்லை. துறை வரைக்கும் பையைத் தூக்கி வந்தவன் செல்வின். தலையில் துணிக் கட்டோடு, ஒரு வார்த்தை பேசாமல் தூக்கி வந்தான். நான் வாயைத் திறந்திருந்தால் அவனுக்கு அந்தக் கட்டே வந்திருக்காது.

படகில் வந்த போலீஸ்காரர்கள் நிழலில் உட்கார்ந்து கம்பெனி பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்கள். மேனேஜர் என் பாஸ்போர்ட்டை விசிறி மாதிரி ஆட்டிக்கொண்டு நின்றார். என் வீட்டுக்காரர் படகில் ஏறி உட்கார்ந்திருந்தார், பக்கத்துப் பலகையைத் துண்டால் துடைத்து எனக்கு இடம் வைத்திருந்தார்.

"ஏறுளா."

நான் நின்றேன்.

"உனக்காவத்தான செஞ்சேன்! நீதான ஊருக்குப் போணும் போணும்னு தெனமும் அழுத? எனக்கா ஆசை?" கண்ணில் நிஜமாகவே தண்ணீர். இத்தனை வருஷத்தில் என்னிடம் அவர் ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

"அத எங்கிட்டச் சொல்லிச் செஞ்சிருக்கலாம்ல" என்றேன். "நான் மாட்டேன்னு சொல்லிருப்பேன். அதான சொல்லல?"

அவர் துடைத்த பலகையையே மறுபடியும் துடைத்தார்.

"ஓலை காயட்டும். வாரேன்."

"அப்ப வேற டிக்கெட் கெடையாது. ஆருமத்த ஊர்ல கெடந்து சாவப் போறியா?"

"பாஸ்போர்ட்டையாவது வாங்கித் தாங்க."

அவர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் அதைத் தன் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார். என் வீட்டுக்காரர் குனிந்து தன் ஷூவைப் பார்த்துக்கொண்டார். படகு கிளம்பிவிட்டது. அது முனை திரும்பி மறைகிற வரைக்கும் நான் அழவில்லை. பிறகு மணலில் உட்கார்ந்து, செல்வின் முன்னாலேயே, சின்னப்பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதேன்.

ஜனவரி 26, ஞாயிறு

வேறு டிரைவர் வருகிறானாம். மெஷின் அங்கேயே மேட்டில் நிற்கிறது. போலீஸ்காரர்கள் கேம்ப்பில் தங்கியிருக்கிறார்கள், என்னைக் கண்டால் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொள்கிறார்கள். ஊரிலும் எல்லோரும் என்னிடம் பேசுவதில்லை. பேதி வந்த பிள்ளைகளின் அம்மாக்கள் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். திருப்பாமல் என்ன செய்வார்கள்? நெஸ்டாவின் மகள் இன்று அரை வாய் சோறு தின்றாள்.

பயமாக இருக்கிறது. வாலுனாவில் தமிழ் பேசத் தெரிந்தவள் இப்போது நான் ஒருத்திதான். இதைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன், நெஸ்டா என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

எல்லோரும் கோயிலுக்குப் போன நேரத்தில் நான் மட்டும் மலை ஏறிப் போய்ப் பார்த்தேன். ஓலை இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறது.